தொரைக்கு நடை பழக்கினவ

எதுத்த வீட்டு புனிதா மாதிரி ஒரு வாயில்லாப் பூச்சிய கிள்ளான் பூரா தேடினாலும் பாக்க முடியாது. அவளப் பத்திப் பேச ஆரம்பிச்சாலே எனக்குக் கோவந்தான் மொதல்ல வருது. அழுகை அப்புறந்தான். நான் சீதாலெட்சுமி, காப்பார் ரோட்டுக்கு உள்ள இருக்கிற எங்க தாமான் குடியிருப்புல வீட்டு வாசல்லயே அடுப்பு போட்டு காலையில தோசை, அப்பம் விக்கிறவ. என் அடுப்புக்கு நேரா அவ வீட்டு கேட். அந்த வீட்டுல நடக்கிறத யாரும் எனக்கு வந்து சொல்ல வேண்டியதில்ல.

புனிதா சாலாக் செலாத்தான்ல பொறந்து வளந்தவ, ரயில்வேல வேல செஞ்சவரு மக. சின்ன வயசுலயே இராமலிங்கத்தக் கட்டி இங்க அனுப்பிட்டாங்க. இப்ப அம்பது தாண்டிருச்சு, கையுறை ஃபேக்டரில பேக்கிங் வேல. அந்த வேலைக்குப் போகவும் அவன்கிட்ட கேட்டா. முடி வெட்டணும்னாலும் கேட்டா. அவ அம்மா செத்தப்போ எடுத்த அன்னிக்கு ராத்திரி அங்க தங்கிட்டு வரட்டுமான்னு கேட்டா. "அதான் கருமாதிக்குப் போவேல்ல, இப்ப வா"ன்னான். "சரிங்க"ன்னு செருப்ப மாட்டிக்கிட்டு வந்துட்டா. எந்தப் பொம்பள அப்படி வருவா? நானா இருந்தா அந்த செருப்பாலயே பதில் சொல்லியிருப்பேன்.

ஒண்ணு சொல்லணும், அவன் அவள கை நீட்டினது கிடையாது. அடிச்சிருந்தா நாலு பேரு கேட்டிருப்போம். இவன் சோத்துல உப்பு குறைஞ்சா தட்ட ஒரு விரலால தள்ளுவான், அவ்வளவுதான். அவ எழுந்திரிச்சு மறுபடியும் ஒலை வைப்பா.

இராமலிங்கத்துக்கு சொந்தமா ஒரு லோரி. போர்ட் கிள்ளான் கிடங்குகளுக்கு சாமான் ஏத்துறான். ஆனா அவன் பெரும பூரா லோரில இல்ல, பத்துமலையில. தைப்பூசத்துக்கு முதுகுல கொக்கி குத்தி கயிறு கட்டி, காவடிக்காரர் முன்னால திமிறிக்கிட்டுப் போவாரு பாருங்க, அந்தக் கயித்தப் பின்னால இருந்து புடிக்கிற ஆளு இவன். குதிகால ஊணி, ஒடம்ப பின்னால சாச்சு, கயித்த முஷ்டில ரெண்டு சுத்து சுத்திப் புடிப்பான். சாமி வந்தவரு எவ்வளவு இழுத்தாலும் இவன் அசைய மாட்டான். "லிங்கண்ணே புடிச்சா மலையே நிக்கும்"னு அவன் செட்டு பசங்க சொல்லிச் சொல்லி, அதுலயே தலைக்கனம் ஏறிப் போச்சு.

அப்பதான் ஒரு நாய்க்குட்டியக் கொண்டு வந்தான். ரோட்வைலரும் தெரு நாயும் கலந்தது, கறுகறுன்னு இருக்கும், கால்ல மட்டும் செம்பட்ட. அதுக்கு தொரைன்னு பேரு வச்சான். "எங்கப்பன் எஸ்டேட்ல தொரைக்கு சலாம் போட்டே செத்தாரு. நான் தொரைய உக்காருன்னா உக்காரணும், எந்திரின்னா எந்திரிக்கணும்"னு சொல்லி சிரிப்பான். எனக்கும் அப்ப சிரிப்பு வந்துச்சு.

தெனமும் சாயந்தரம் தொரைய நடக்கக் கூட்டிட்டுப் போவான். எப்படி? பத்துமலையில புடிக்கிற மாதிரியேதான். கயித்த முஷ்டில சுத்திக்கிட்டு, நாய் ஒரு அடி முன்னால வச்சா இவன் ஒரு வெட்டு வெட்டி பின்னால இழுப்பான். நாய்க்கு என்ன தெரியும், பாவம்? நடக்கிறதுன்னா நாம முன்னால இழுக்கணும், ஆளு பின்னால இழுப்பாருன்னு அது நெனச்சுக்கிச்சு. இவன் பலமா இழுக்க இழுக்க, அதுக்கும் கழுத்துல பலம் ஏறிக்கிட்டே போச்சு. காவடி ரெண்டு மணி நேரமோ மூணு மணி நேரமோ, மலை ஏறினா முடிஞ்சிரும். இது தெனமும் நடந்துச்சு.

இதுல யாருக்கு அடி? புனிதாவுக்குத்தான். அவன் லோரி லேட்டான ஒரு சாயந்தரம் அவ கூட்டிட்டுப் போனா. மொனையில ஒரு பூனை ஓடிச்சு. தொரை ஒரே பாய்ச்சல். புனிதா குப்புற விழுந்து, தார் ரோட்டுல தேச்சுக்கிட்டே போயி, வலது மணிக்கட்டு ஒடைஞ்சு தொங்குச்சு. நான் அடுப்பெல்லாம் கழுவி வச்சிட்டு வெளிய வந்தா இவ ரோட்டுல உக்காந்து, ஒடைஞ்ச கையோட நாயத் தடவிக்கிட்டு இருக்கா. "அது பயந்திருச்சுக்கா"ங்கிறா! ஏண்டி, ஒனக்கு மண்டைல ஏதாவது இருக்கான்னு கத்தினேன்.

எனக்கு அப்புறந்தான் புரிஞ்சுது. மக ஷாமினி பிரிக்ஃபீல்ட்ஸ்ல வேல, அங்கயே ரூம் எடுத்து தங்கிட்டா. மகன் சிங்கப்பூரோட சரி. அந்த வீட்டுல புனிதா வாயத் தொறந்து பேசினா திரும்பிப் பாக்கிற ஒரே ஜீவன் அந்த நாய்தான். காலையில அஞ்சு மணிக்கு அதுகிட்ட அவ பேசுற பேச்சு இருக்கே, ஃபேக்டரி கத, சாமி கத, அவ அம்மா கத எல்லாம் பேசுவா. மாவு கரைச்சுக்கிட்டே கேட்டிருக்கேன். என்கிட்டகூட அவ அவ்வளவு பேசினது இல்ல.

கை ஒடைஞ்ச மறுவாரம் இராமலிங்கம் நாயத் தள்ளி விட முடிவு பண்ணிட்டான். பொண்டாட்டி கை ஒடைஞ்சிருச்சேன்னு இல்ல, சோறு பொங்க ஆள் இல்லையேன்னு. ரெண்டு ஆளக் கூப்பிட்டுக்கிட்டு லோரில ஏத்தப் பாத்தான். தொரை இழுத்துச்சு பாருங்க ஒரு இழு! கயித்த ரெண்டு சுத்து சுத்தியிருந்த கையக் கழட்ட முடியல. ஆளோட சேத்து இழுத்துட்டுப் போயி லோங்காங்ல தள்ளிருச்சு. மலைய நிறுத்துற ஆளு, இடுப்பளவு சாக்கடைத் தண்ணில, மூஞ்சில பாசியோட நிக்கிறான். தோசை வாங்க வந்தவங்க எல்லாம் பாத்துட்டு நின்னாங்க. யாரும் சத்தமா சிரிக்கல. அதுதான் அவனுக்கு இன்னும் கேவலமாப் போச்சு.

அன்னிக்கு ராத்திரி சோறு போடும்போது சொல்லியிருக்கான்: "தைப்பூசம் வரைக்கும் டைம். அதுக்குள்ள இது ஒழுங்கா நடக்கலன்னா, இதோட கால ஒடச்சாவது லோரில ஏத்திருவேன்." புனிதா என்கிட்ட வந்து இத சொல்லும்போது அவ கண்ணுல ஒரு வெளிச்சம். "நடந்துட்டா வச்சுக்கலாம்னுதானேக்கா அர்த்தம்?" அவன் அப்படிச் சொல்லலடின்னு சொல்ல எனக்கு மனசு வரல.

ஷாமினிதான் அந்த சாமானக் கொரியர்ல அனுப்பினா. நேர்ல வந்து அம்மாவப் பாக்க நேரம் இல்ல, கொரியர் அனுப்ப நேரம் இருக்கு. அதுக்கு இங்கிலீஷ்ல ஹெட் ஹால்ட்டர்னு பேராம். புனிதா மூக்குப் பட்டின்னுதான் சொல்லுவா. நாய் மூக்கு மேல ஒரு வளையம், காதுக்குப் பின்னால ஒரு வாரு, தாடைக்குக் கீழ கயிறு மாட்ட ஒரு வளையம். நாய் முன்னால இழுத்தா, அதோட தலையே திரும்பி நம்மளப் பாக்கும். தலை திரும்பின பெறகு எங்க இழுக்கிறது?

"இவ்வளவுதானா? மாட்டி இழுத்துட்டுப் போ"ன்னேன் நான்.

"இழுக்கவே கூடாதாம்க்கா. வெட்டி இழுத்தா கழுத்து சுளுக்கிக்கும்னு ஷாமினி சொல்லியிருக்கா. அதுவா மூக்க விடணுமாம்."

அதுவா மூக்க விடுறதுக்குள்ள அவ பட்ட பாட்டச் சொல்றேன். கைல மாவுக் கட்டோட வாசல்ல சம்மணம் போட்டு உக்காந்து, இடது கைல அந்த வளையத்தப் புடிச்சுக்கிட்டு, அதுக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டு பிஸ்கட்ட நீட்டுவா. தொரை மூக்க உள்ள விட்டா பிஸ்கட். வெளிய எடுத்தா ஒண்ணும் இல்ல. இதே வேலதான் தீபாவளிக்கு முன்னால இருந்து. பூட்டாம, கட்டாம, சும்மா உள்ள வெளிய, உள்ள வெளிய. நான் அடுப்புலேருந்து கிண்டல் பண்ணுவேன்: "என்னடி, நாய்க்கு மூக்குக் கண்ணாடி அளவு பாக்கிறியா?" அவ சிரிப்பா. அவ சிரிச்சு நான் பாத்ததே அந்தக் காலத்துலதான்.

மொத தடவ பூட்டினப்போ தொரை கூத்தாடிருச்சு. மூஞ்சிய புல்லுல தேச்சுது, முன்னங்காலால பிராண்டிச்சு, மூக்கு மேல மயிர் போயி செவந்திருச்சு. இராமலிங்கம் கேட்டுல சாஞ்சு பாத்துட்டு, "நல்லா இருக்கு, ஒனக்குத் தாலி கட்டினப்போ இவ்வளவு கூட நீ ஆடலயே"ன்னான். புனிதா வாரத் தளத்தி, மூக்குல தேங்காயெண்ண தடவி, மறுநாள் மறுபடியும் மொதல்லேருந்து பிஸ்கட்ட நீட்டினா.

அப்புறம் ரோட்டுக்கு எறக்கினா. கயிறு விறைச்சுதா, நின்னுருவா. கம்பம் மாதிரி நிப்பா. திட்ட மாட்டா, இழுக்க மாட்டா. தொரை திரும்பிப் பாத்து, வந்து, உக்காந்தா பிஸ்கட், அப்புறம் நடை. எங்க லைனு கடைசி வரைக்கும் போயிட்டு வர ஒரு சாயந்தரமே முடிஞ்சு போகும். பக்கத்து லைன் பிள்ளைங்க, நாய்க்கு வாய்க்கட்டு போட்டிருக்கு, கடிக்கிற நாயின்னு ரோட்ட தாண்டி ஓடுவாங்க. "கடிக்காது, இது சும்மா நடக்கக் கத்துக்குது"ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுவா. முப்பது வருசத்துல இந்த தாமான்ல அவ இவ்வளவு பேருகிட்ட பேசினதில்ல.

மாவுக் கட்டு பிரிச்ச சமயத்துல தொரை ஆளே மாறிருச்சு. கேட் தொறந்தா அதுவா வந்து மூக்க நீட்டும். மழைக்காலம் முடியவும் மூக்குப் பட்டியவே விட்டுட்டு, வெறும் கழுத்துப் பட்டையில கயித்த மாட்டிக் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சா. கயிறு துளி விறைச்சாப் போதும், தொரை டக்குனு நின்னு, உக்காந்து, அவ மூஞ்சியப் பாக்கும். பூனை ஓடட்டும், மோட்டார் ஓடட்டும், வெடி வெடிக்கட்டும், உக்காந்து அவளத்தான் பாக்கும். எனக்கே கண்ணு கலங்கிருச்சு, சும்மா சொல்லக் கூடாது.

தைப்பூசத்துக்கு மொத வாரம் காவடி செட்டு பசங்க எல்லாம் இராமலிங்கம் வீட்டு வாசல்ல கூடியிருந்தாங்க. எலுமிச்ச, கொக்கி, கயிறுன்னு பேச்சு. அந்த நேரம் புனிதா தொரையோட திரும்பி வர்றா. ஒடைஞ்சு சேந்த கைல, ரெண்டே விரல்ல கயித்த மாட்டியிருக்கா. கயிறு தொவண்டு ஊஞ்சல் மாதிரி ஆடுது. அவ்வளவு பெரிய நாய், அவ முழங்காலோட ஒட்டி, பூ மாதிரி நடந்து வருது. பசங்க பேச்ச நிறுத்திட்டுப் பாத்தாங்க. அதுல ஒருத்தன், ஜீவன்னு ஒரு வாயாடி, "லிங்கண்ணே! இந்த வருசம் கயித்த அக்கா கைல குடுத்துருவோம்லா! நீங்க தண்ணிப் போத்தல் தூக்கிட்டு வாங்க!"ன்னான்.

இந்தத் தடவ எல்லாரும் சத்தமா சிரிச்சாங்க. புனிதாவும் சிரிச்சா. இராமலிங்கமும் சிரிச்சான். ஆனா அவன் மூஞ்சில ஈயாடல. நான் கரண்டியக் கைல வச்சுக்கிட்டே நின்னேன். அடி பாவி, சிரிக்காதடி, உள்ள போடின்னு மனசுக்குள்ள கத்தினேன்.

தைப்பூசம் முடிஞ்சுது. கெடு தாண்டிருச்சு, நாய் ஜெயிச்சிருச்சு. புனிதா எனக்கு ஒரு பொட்டலம் பத்துமலை பிரசாதம் கொண்டாந்து குடுத்து, "அவரு ஒண்ணுமே சொல்லலக்கா"ன்னா. அவ்வளவு சந்தோசம்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில லோரி வாசல்ல நின்னுச்சு. "நாய்க்கு லைசென்ஸ் எடுக்கணும், ஊசி போடணும். ஏத்து"ன்னான் அவ புருசன். லைசென்ஸா? இவ்வளவு நாள் வீட்டுல இருந்த நாய்க்கு லைசென்ஸ் எடுக்கப் போறாரேன்னு அவளுக்குப் பூரிப்பு. லைசென்ஸ்னா வீட்டு நாயின்னு ஆயிரும்ல? உள்ள ஓடிப் போயி மூக்குப் பட்டிய எடுத்தா. ஊசி போடுற எடத்துல வேற நாய்ங்க இருக்கும், பயந்துக்கும்னு. தொரை அதுவா மூக்க உள்ள விட்டுச்சு. ரெண்டு ஆளு சேந்து ஏத்த முடியாத நாய, அவ ஒரு பிஸ்கட்ட காட்டி, "ஏறுடா கண்ணு"ன்னு அவ கையால லோரில ஏத்தினா. அவளும் ஏறக் கால வச்சா. "நீ எதுக்கு? சமைச்சு வை"ன்னான்.

"சரிங்க."

மத்தியானம் லோரி வந்துச்சு. பின்னால காலி. இராமலிங்கம் எறங்கி வந்து, கேட்டுக்கிட்ட நின்னவ கைல அந்த மூக்குப் பட்டியப் போட்டான். "நல்லாத்தான் பழக்கியிருக்க. கயித்தத் தொட்டவன் பின்னாடியெல்லாம் போகுது. இனி அது இங்க எதுக்கு?"

நான் கரண்டியோட ரோட்டத் தாண்டிப் போயிட்டேன். "டேய் லிங்கம், நீ மனுசனா? உருப்படுவியா நீ?" "என் நாய், என் லோரி. ஒங்க தோசையப் பாருங்க சீதாக்கா"ன்னு கதவச் சாத்திட்டான். புனிதா அந்தப் பட்டிய மடிச்சு, மடிச்சு, சின்னதா ஆக்கி கைக்குள்ள வச்சிருந்தா. அழல. அழுதிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.

அப்புறம் என்கிட்ட தோசை சாப்புட வர்ற ஒரு லோரிக்காரர் மூலமாத்தான் தெரிஞ்சுது. போர்ட் கிள்ளான்ல ஒரு கண்டெய்னர் யார்டுல காவலுக்குக் கட்டியிருக்காங்களாம். கறுப்பு நாய், செம்பட்டக் காலு. என் தங்கச்சி மலர் சாலாக் செலாத்தான்ல இருக்கா, பெரிய கம்பவுண்டு, நாய் வளத்த கை. ஃபோன் போட்டேன். "கொண்டாக்கா, நான் வச்சுக்கிறேன்"னுட்டா. புனிதாகிட்ட சொன்னேன். மொத தடவையா அவ புருசன்கிட்ட கேக்காம, ஃபேக்டரிக்கு மட்டம் போட்டுட்டு என் மைவி கார்ல ஏறினா. மடியில ஒரு பை, பை நெறைய பிஸ்கட்.

யார்டுல கம்பி வேலி. காவலுக்கு நிக்கிற ஜாகா ஒரு நேப்பாள்காரரு, தங்கமான மனுசன். புனிதா அழுதுகிட்டே சொன்னதப் பூராவும் கேட்டாரு. வேலிக்கு உள்ள, வெயில்ல, ஒரு இரும்புக் கம்பத்துல சங்கிலி போட்டு தொரையக் கட்டியிருந்தாங்க. இளைச்சு எலும்பு தெரியுது. தண்ணிச் சட்டி கவுந்து கெடக்கு.

ஜாகா மலாய்ல சொன்னாரு: "அக்கா, மேல கேமரா இருக்கு. நான் அவுத்துக் குடுத்தாலும், நீங்க உள்ள வந்து அவுத்தாலும் என் வேல போயிரும். ஆனா அந்த சங்கிலிய கம்பத்துல வெறும் மெல்லிசு கம்பி போட்டுத்தான் முறுக்கியிருக்கு. இதுக்கு முன்னால இருந்த நாய்ங்க எல்லாம் ஒரே இழுவையில பிச்சுக்கிட்டு ஓடிருச்சு. அதுவா பிச்சுக்கிட்டு ஓடினா என்னை யாரு கேக்கப் போறா? இந்த நாய்தான் இழுக்கவே மாட்டேங்குது. நீங்க கூப்பிடுங்க, வந்துரும்." சொல்லிட்டு, சின்ன கேட்ட ஒரு ஆள் அகலத்துக்குத் தொறந்து விட்டுட்டு, வேற பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாரு.

நான் காரு கதவத் தொறந்து வச்சேன். புனிதா கேட்டுக்கிட்ட போயி நின்னு, "தொரை!"ன்னா.

அது தலையத் தூக்கிச்சு. அவளப் பாத்துச்சு. அப்படி ஒரு ஓட்டம் ஓடி வந்துச்சு, மண்ணு பறக்க. நான் வந்துருச்சு வந்துருச்சுன்னு கத்துறேன். சங்கிலி விறைச்சுது.

டக்குனு நின்னுச்சு. உக்காந்துச்சு. அவ மூஞ்சியப் பாத்துச்சு.

"வாடா, வாடா கண்ணு!" அவ கூப்பிடக் கூப்பிட, அது இன்னும் நிமிந்து, ஒழுங்கா உக்காந்துச்சு. வாலு மட்டும் மண்ணக் கூட்டுது. "இழுடா தொரை! இழுடா, இழு!"ன்னு கத்தினா. வாழ்க்கையில அவ கத்தி நான் கேட்டது அன்னிக்கு ஒரு நாள்தான். அந்த வார்த்தைய அவ அதுக்குச் சொல்லிக் குடுத்ததே இல்லையே? தலைய ஒரு பக்கம் சாச்சு கேட்டுச்சு. நல்லாத்தானே செஞ்சிருக்கேன், ஏன் இன்னும் பிஸ்கட் வரலங்கிற மாதிரி, அவ கையப் பாத்துச்சு.

எவ்வளவு நேரம் கத்தினாளோ தெரியல. தொண்டை கட்டிப் போச்சு. உள்ள ஒரு லோரி ஹாரன் அடிச்சுது. ஜாகா வந்து, "மன்னிச்சுக்குங்க அக்கா, பாஸ் வர்றாரு"ன்னு கேட்ட சாத்திட்டாரு.

புனிதா வேலியப் புடிச்சுக்கிட்டு நின்னா. அவ கை அதுவா பைக்குள்ள போயி, ஒரு பிஸ்கட்ட எடுத்து, வேலிக்கு மேல எறிஞ்சுது. தொரை அதத் தின்னுட்டு, அடுத்ததுக்கு அசையாம உக்காந்திருந்துச்சு.